கல்விப் பிரிவில் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை

அருங்காட்சியகம் ஒன்றில் இன்டர்ன்ஷிப்புக்குப் போவதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். "உங்க கல்விப் பிரிவுல எத்தனை பேர் வேலை பாக்குறாங்க?" கேட்டிருந்தால் "ஒருத்தர்" என்று பதில் வந்திருக்கும். இன்னும் கொஞ்சம் துருவியிருந்தால், அந்த ஒருவர் நிறைமாத கர்ப்பிணி என்பதும் நான் சேர்ந்து பத்து நாளுக்குள் விடுப்பில் போகப்போகிறார் என்பதும் தெரிந்திருக்கும். நான் கேட்டதோ, "கல்வெட்டு வாசிக்கக் கத்துக் கொடுப்பீங்களா?" என்று. "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்றார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எந்த அருங்காட்சியகம் என்று சொல்லப்போவதில்லை. சென்னையில் இருக்கிறது, வரலாறு சம்பந்தப்பட்டது, சின்னது. அது போதும். அங்கிருந்த யாரும் கெட்டவர்கள் இல்லை. என்னைத் திட்டம் போட்டு ஏமாற்றவும் இல்லை. அவர்கள் யாருக்குமே நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஏமாற்றினாலும் தெரியாமல் விட்டாலும் நம் கையை விட்டுப்போகும் பணம் ஒன்றுதான் என்பதை மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டேன். இதே மாதிரி இடத்துக்கு நவம்பரிலோ ஜூனிலோ போகப்போகிற யாராவது படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அப்படி ஒருவர் எனக்கு எழுதி வைத்திருக்கவில்லை.

எனக்கு ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். திருநெல்வேலியில் எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு சாயங்காலம் ஒரு டியூஷன் சென்டரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். மாதம் 6,000 ரூபாய். சீனியர் அக்கா ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்தேன். நேர்காணல் என்று எதுவும் நடக்கவில்லை. போனில் ஒரு பத்து நிமிடப் பேச்சு. பணம் பற்றி நானாகக் கேட்கக் கூச்சப்பட்டதைப் புரிந்துகொண்டோ என்னவோ, அவர்களே சொன்னார்கள்: "மாசம் ஒரு அஞ்சாயிரம் மாதிரி கௌரவத் தொகை பண்ணலாம்மா." இப்போது அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். "ஒரு", "மாதிரி", "பண்ணலாம்" என்று ஒரே வாக்கியத்தில் தப்பித்துப்போக மூன்று வழி வைத்திருக்கிறார்கள். எனக்கு அன்றைக்கு "அஞ்சாயிரம்" மட்டும்தான் காதில் விழுந்தது. அம்மா சீட்டு எடுத்து 40,000 கையில் கொடுத்தார். டியூஷன் வேலையை விட்டேன்.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். போனில் பேசி முடித்த அன்றைக்கே நீங்களாகவே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அவர்கள் கடிதம் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். "இன்று பேசியபடி இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை வருகிறேன், வேலை நேரம் இது, வார விடுமுறை இந்த நாள், மாதத் தொகை இவ்வளவு, எனக்கு மேற்பார்வை செய்பவர் இவர், அவர் இல்லாவிட்டால் இவர், பொருள்கள் வாங்கினால் ரசீது கொடுத்துப் பணம் பெறலாம், முடிவில் சான்றிதழ் தரப்படும், ஏதாவது தவறாக எழுதியிருந்தால் திருத்துங்கள்" என்று ஏழெட்டு வரி. பதிலே வராவிட்டாலும் பரவாயில்லை, தேதியோடு உங்கள் பக்கம் ஒரு தாள் இருக்கும். "அவர் இல்லாவிட்டால் இவர்" என்ற துண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் மாட்டியது அங்கேதான்.

நவம்பர் 1 அன்று சேர்ந்தேன். கல்விப் பிரிவு என்பது படிக்கட்டுக்குக் கீழே ஒரு மேசை, ஒரு இரும்பு பீரோ, அதற்குள் தெர்மாகோல், காய்ந்துபோன ஃபெவிகால் டப்பா, பழைய ஓவியப் போட்டித் தாள்கள். மேடம் நல்லவர். மூச்சு வாங்கிக்கொண்டே எனக்குக் காட்சிக்கூடத்தைச் சுற்றிக் காட்டினார், பள்ளிகளின் தொலைபேசி எண் எழுதிய நீல நோட்டைக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். வேறு யாரும் வருவார்களா என்று அலுவலக மேலாளரிடம் கேட்டேன். "அதான் நீங்க வந்திருக்கீங்களேம்மா" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் மழை. ஊரில் இருக்கும்போது சென்னை மழையை டிவியில்தான் பார்த்திருக்கிறேன். காலை ஆறரை மணிக்கு "பள்ளிகளுக்கு விடுமுறை" என்று கலெக்டர் அறிவிப்பார். ஏழு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வரும், "மேடம், இன்னைக்கு ட்ரிப் கேன்சல்." நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். அந்த ஒரு வாரம் மட்டும் கொஞ்சம் கூட்டம் வந்தது. டிசம்பர் வந்தால் அரையாண்டுத் தேர்வு, அது முடிந்தால் விடுமுறை. ஜனவரியில் பொங்கல். என் டைரியில் எண்ணிப் பார்த்தேன்: 92 நாளில் பள்ளிப் பிள்ளைகள் வந்தது 23 நாள். மீதி நாளெல்லாம் ஏற்கெனவே தட்டச்சு செய்த பொருள் பட்டியலை இன்னொரு கோப்பில் தட்டச்சு செய்தேன், விழாவுக்குப் பூங்கொத்து வாங்கி வந்தேன், மின்கட்டணம் கட்டினேன். எப்போது சேர்கிறீர்கள் என்பது அவ்வளவு முக்கியம். பள்ளி நாள்காட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, தேர்வு எப்போது, விடுமுறை எப்போது, மழை எப்போது என்று பார்த்துத் தேதி கேளுங்கள். பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசி வரை நல்ல காலம். மே மாதம் கோடை முகாம் நடத்துகிற இடமானால் அதுவும் நல்லது. மார்ச்சில் போனால் பூங்கொத்துதான்.

பள்ளி வந்த நாள்கள் எப்படி இருந்தன என்பதற்கு ஒரு நாளைச் சொல்கிறேன். பொங்கல் முடிந்த வாரம். பல்லாவரம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி, 60 பேர் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று பஸ் வந்து நின்றது. எண்ணியதில் 172. கூட வந்த ஆசிரியர்கள் நான்கு பேர், அதில் இரண்டு பேர் இறங்கியதுமே நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் வாசலில் நின்றுகொண்டு, "வணக்கம், தமிழ்நாட்டோட தொல்பழங்காலம்..." என்று ஆரம்பித்தேன். கண்ணாடிப் பெட்டிகளைக் காவல் காக்கும் அண்ணாச்சி ஒருவர் உண்டு, தூத்துக்குடிக்காரர், எங்கள் பக்கத்துப் பேச்சு கேட்டதிலிருந்து என்மேல் தனிப் பிரியம். என் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: "ஏ தாயி, மொதல்ல பாத்ரூமைக் காட்டு. பொறவு பாண்டியனைக் காட்டு."

அருங்காட்சியகக் கல்வி பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் இதுதான், இன்றுவரை அதைவிடப் பெரிய பாடம் கிடைக்கவில்லை. இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த பிள்ளைக்கு மகேந்திரவர்மனும் தெரியாது, ராஜராஜனும் தெரியாது. முதலில் கழிப்பறை, அடுத்து தண்ணீர், அடுத்து பையை வைக்க ஓர் இடம். இந்த மூன்றுக்கும் இருபது நிமிடம் ஒதுக்கிவிட்டுத்தான் வரலாறு. அதோடு டிரைவரிடம் போய்ப் "எத்தனை மணிக்கு எடுக்கணும்?" என்று கேட்டுவிடுங்கள். ஆசிரியர் சொல்லும் நேரமும் டிரைவர் சொல்லும் நேரமும் வேறாகத்தான் இருக்கும், நடக்கப்போவது டிரைவர் நேரம். ஆசிரியர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும். சும்மா "கூட இருங்க சார்" என்றால் இருக்க மாட்டார்கள். "சார், நீங்க நாணயப் பெட்டிகிட்ட நின்னு 25, 25 பேரா உள்ள அனுப்புங்க" என்றால் நிற்பார்கள். பஸ் ஏறும்போது எண்ணிய எண்ணிக்கையை முதலிலேயே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்று திரும்ப ஏறும்போது 171 இருந்தது. பத்து நிமிடம் எனக்கு உயிரே இல்லை. பையன் தோட்டத்தில் பீரங்கிமேல் ஏறி உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்கு ஒரு நல்லதும் நடந்தது. கற்காலப் பெட்டியில் கைக்கோடரி மாதிரி ஒன்று உண்டு, எல்லாக் குழுவும் அதைத் தாண்டிப்போகும், கல்தானே என்று. பல்லாவரம் பிள்ளைகள் என்பதால் திடீரென்று தோன்றி, "1863ஆம் வருஷம் மே 30ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட்னு ஒரு நிலவியல்காரர் உங்க பல்லாவரத்துல நடந்து போயிட்டிருந்தப்ப கையில எடுத்தது இந்த மாதிரிக் கல்லைத்தான். இந்தியாவுல பழைய கற்காலம்னு ஒண்ணு இருந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சதே அதுக்கப்புறம்தான்" என்றேன். "எங்க ஏரியாவுலயா மிஸ்?" என்று அந்தப் பெட்டியை மொய்த்துவிட்டார்கள். எந்த இடம், எந்தத் தெரு, இப்போது போனால் கிடைக்குமா, ஒருவன் வீட்டுக்குப் பின்னால் இதைவிடப் பெரிய கல் இருக்கிறதாம். அதற்கப்புறம் எந்தப் பள்ளி போன் செய்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி "எந்த ஊர்லருந்து வர்றீங்க?" என்பதுதான். அந்த ஊர்க்காரப் பொருள் ஒன்று எப்படியாவது கிடைக்கும், அங்கிருந்து ஆரம்பித்துவிடலாம்.

என் சொந்த ஊர்க் கதையும் அப்படித்தான். ஆதிச்சநல்லூர் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரே 1899 முதல் 1905 வரை அங்கே தோண்டியெடுத்த பொருள்களை நான் பார்த்தது எழும்பூர் அருங்காட்சியகத்தில், ஒரு வார விடுமுறை நாளில், டிக்கெட் வாங்கி. ஆட்டோக்காரத் தாத்தா, "மியூசியமா? செத்த காலேஜ்னு சொல்லும்மா" என்றார். எனக்குப் புரியவில்லை. பழைய மெட்ராஸில் அருங்காட்சியகம் செத்த காலேஜ், மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். 1851ல் அருங்காட்சியகம் முதலில் தொடங்கியது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் என்பதால் காலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். அங்கே முதலில் பொறுப்பில் இருந்த எட்வர்டு பால்ஃபர், உயிரோடு விலங்குகளைக் கொண்டுவந்து வைத்தால் ஜனங்கள் வருகிறார்கள் என்று கண்டுகொண்டு, 1855ல் அருங்காட்சியகம் எழும்பூருக்கு வந்தபின் அதன் வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலையைத் தொடங்கிவிட்டார். கல்விப் பிரிவு என்று பெயர் வைக்காமலே அந்த மனிதர் அந்த வேலையைச் செய்திருக்கிறார். செத்த காலேஜுக்குள் உயிரோடு ஏதாவது ஒன்று இருந்தால்தான் பிள்ளைகள் நிற்பார்கள்.

எங்களிடம் புலி கிடையாது. நாய் இருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல்லின் பெரிய புகைப்படம் ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கப் போராடிச் செத்திருக்கிறான். கல்லில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். "கோவிவன் என்னும் நாய் இரு கள்ளரைக் கடித்துக் காத்திருந்தது" என்ற செய்தியை அதே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். முதல் ஒரு மாதம் நான் இதை வட்டெழுத்து, பல்லவர் காலம், வெட்சி, கரந்தை என்று பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஒருநாள் தொண்டை கட்டிப் பேச முடியாமல், "படத்துல என்னல்லாம் தெரியுது? ஒரு நிமிஷம் யாரும் பேசாமப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "வில்லு." "கத்தி." "மிஸ், நாய் மிஸ்!" "நாய்க்குப் பேரு என்ன மிஸ்?" 1,400 வருடத்துக்கு முந்தைய நாய்க்குப் பெயர் உண்டு என்றதும் அந்த இடத்தில் விழுந்த அமைதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்புறம் ஒவ்வொருத்தரும் அவரவர் வீட்டு நாயின் பெயரைச் சொன்னார்கள். மணி, டாமி, புஜ்ஜி. தொண்டை கெட்டதுதான் எனக்கு யாரும் தராத பயிற்சி. நாம் பேசுவதைக் குறைக்கக் குறைக்க அவர்கள் பார்ப்பது கூடுகிறது.

தரையில் உட்கார்ந்ததில் இன்னொன்றும் தெரிந்தது. நாணயப் பெட்டியின் கண்ணாடியில், நான்காம் வகுப்புப் பிள்ளையின் கண் உயரத்தில், மேலே எரியும் டியூப்லைட் அப்படியே வெள்ளைக் கோடாக விழுகிறது. உள்ளே இருக்கும் ரோமானியக் காசு தெரியவே தெரியாது. ஒன்றரை மாதமாக நான் நின்றுகொண்டு, "மன்னர் முகத்துக்குக் குறுக்க ஒரு வெட்டு தெரியுதா?" என்று கேட்டிருக்கிறேன், அவர்களும் டியூப்லைட்டைப் பார்த்துக்கொண்டு "தெரியுது மிஸ்" என்று கோரஸாகச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணாச்சியிடம் சொல்லி ஒரு லைட்டை அணைத்தோம், அவ்வளவுதான் வேலை. புதுக்கோட்டைப் பக்கம் 1898ல் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகளில் பலவற்றில் இப்படி உளிவெட்டு இருக்கிறது. "ஏன் வெட்டினாங்க?" என்று கேட்டால், "அந்த ராஜாவைப் பிடிக்கல" என்பான் ஒருவன். நகைக்கடையில் வேலை பார்ப்பவரின் மகள், "உள்ளயும் தங்கமான்னு பாத்திருப்பாங்க மிஸ், எங்கப்பா உரசிப் பாப்பாரு" என்றாள். செல்லாக் காசாக்க வெட்டினார்களா, சோதிக்க வெட்டினார்களா என்று ஆராய்ச்சிக்காரர்களே ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் சொல்கிறார்கள். முதல் நாளே எல்லாப் பெட்டிக்கு முன்னாலும் ஒருமுறை முட்டி போட்டுப் பாருங்கள். செலவில்லாத வேலை.

செலவுள்ள வேலையில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்கிறேன். ஜனவரிக் கூட்டத்துக்காக ஒரு பயிற்சித்தாள் தயாரித்தேன். உத்திரமேரூர் குடவோலை முறை பற்றி. 380 பிரதி, இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று ரூபாய், 1,140 என் பணம். கொசப்பேட்டையில் போய் மூன்று பானையும் வாங்கினேன், பிள்ளைகளை வைத்துக் குடவோலைத் தேர்தல் நடத்திப் பார்க்க. பானை, துணி, அட்டை எல்லாம் சேர்த்து 860. யாரிடமும் காட்டவில்லை, காட்ட யாரும் இல்லை. முதல் நாளே ஒரு பள்ளியோடு வந்த ஓய்வு பெறும் வயதுத் தமிழாசிரியர் தாளை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ராஜராஜன் காலம்னு போட்டிருக்கம்மா. அது முதலாம் பராந்தகன். 919லயும் 921லயும் வெட்டின கல்வெட்டு. ராஜராஜன் பட்டத்துக்கு வர்றதுக்கு அறுபது வருஷத்துக்கு மேல முன்னாடி" என்று மெதுவாகத்தான் சொன்னார். எம்.ஏ. வரலாற்றில் நான் இதைப் பரீட்சையில் சரியாக எழுதியவள். ராத்திரி இரண்டு மணிக்கு ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து தட்டச்சு செய்ததில் கை எழுதியதை மனம் பார்க்கவில்லை. 380 தாளிலும் பேனாவால் அடித்துத் திருத்தினேன், இரண்டு ராத்திரி. எதையும் அச்சுக்குக் கொடுக்கும் முன் அருங்காட்சியகத்துக்கு வெளியில் ஒருவரிடமாவது காட்டுங்கள். கல்லூரி ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அந்தத் தாளில் இன்னொரு வரியும் இருந்தது, தமிழாசிரியர் அதைக் கவனிக்கவில்லை. "உலகின் முதல் தேர்தல்" என்று தலைப்பு வைத்திருந்தேன், எல்லோரும் மேடையில் சொல்வதுதானே. விளையாட்டு நன்றாகத்தான் போனது. முப்பது குடும்பு (இப்போதைய வார்டு மாதிரி), ஓலையில் பெயர், பானைக்குள் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது, கணக்குக் காட்டாதவன் பெயரைச் சேர்க்கக் கூடாது என்றதும் ஒரே சிரிப்பு. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "பொம்பளைங்க பேரை எழுதுவாங்களா மிஸ்?" இல்லை என்றேன். "நிலம் இல்லாதவங்க?" கால் வேலிக்கு மேல் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35லிருந்து 70க்குள், வேதம் தெரிந்திருக்க வேண்டும், அது பிராமணர் ஊரின் சபை என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எங்க வீட்டுல யாரு பேரும் வராது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டு விடை சொல்வது போலத்தான் சொன்னாள். நான் அதற்குமேல் எதையும் அழகுபடுத்தவில்லை. மறுநாளிலிருந்து விளையாட்டை மாற்றினேன். முதலில் யார் யார் பெயர் பானைக்குள் போக முடியும் என்று தகுதியைப் படித்து வகுப்பையே பிரிப்பது, வெளியே நிற்பவர்களிடம் "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்பது. இருபது நிமிடத்தில் முடியும் விளையாட்டு முக்கால் மணி நேரம் போயிற்று. தலைப்பையும் பேனாவால் அடித்தேன். அதுதான் அந்த மூன்று மாதத்தில் நான் உண்மையாகவே வேலை பார்த்த இடம் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் சொல்லும்போது ஏதோ மகிழ்ச்சியாக இருந்தது போலத் தெரியும். இல்லை. பல நாள் பீரோ மறைவில் நின்று அழுதிருக்கிறேன். பெரும்பாலும் பசிதான் காரணம், மத்தியானம் கூட்டம் இருந்தால் சாப்பாடு மூன்றரைக்கு. வீட்டுக்குப் போன் செய்தால், "மியூசியத்துல ஆபீசர் மாதிரி இருக்கியா?" என்று அப்பா பெருமையாகக் கேட்பார், எதையும் சொல்ல முடியாது. தொண்டை இரண்டு முறை போயிற்று, டாக்டருக்கும் மருந்துக்கும் 700. சத்தம் போட்டுப் பேசாதீர்கள், ஒரு மணி வாங்கிக்கொள்ளுங்கள், பூஜை மணி போதும். மணி அடித்தால் அமைதி என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதித் தொண்டை மிஞ்சும். இன்னொன்று, பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை உங்கள் சொந்தப் பக்கத்தில் போடாதீர்கள். நான் போட்டேன், ஒரு தாய் தேடிப்பிடித்துப் போன் செய்து எடுக்கச் சொன்னார். அவர் கேட்டது நியாயம். கை மட்டும் தெரிகிற, தாள் மட்டும் தெரிகிற படம் எடுங்கள். நீங்கள் தயாரிக்கும் தாளின் அடியில் சின்ன எழுத்திலாவது உங்கள் பெயரையும் தேதியையும் போட்டுவிடுங்கள். நான் போடவில்லை. என் குடவோலைத் தாள் இப்போதும் அங்கே ஓடிக்கொண்டிருப்பதாக அண்ணாச்சி சொன்னார். கீழே அருங்காட்சியகத்தின் பெயர் மட்டும் இருக்கிறதாம். ராஜராஜன் போய்விட்டானா என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்கு எங்க தாயி தெரியும்" என்றார்.

சான்றிதழ் கேட்டபோது மேலாளர், "உங்களை எடுத்தது அந்த மேடம். அவங்க கையெழுத்துப் போடணும்" என்றார். வருகைப் பதிவேட்டில் என் பெயரே இல்லை, நான் ஊழியர் இல்லையே. காப்பாற்றியது என் டைரி. முதல் நாளிலிருந்து தேதி, வந்த பள்ளி, எத்தனை பிள்ளைகள், என்ன செய்தேன், எத்தனை மணிக்குக் கிளம்பினேன் என்று தினமும் நாலு வரி எழுதி வைத்திருந்தேன். ஊரில் அம்மா பால் கணக்கு எழுதும் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து ஆயிற்று. அப்படியும் சான்றிதழில் "இரண்டு மாதம்" என்று அடித்திருந்தார்கள், திருத்தி வாங்க இன்னும் இரண்டு முறை போனேன். கௌரவத் தொகை பற்றிக் கேட்டதற்கு, "அப்படி எதுவும் ஃபைல்ல இல்லையேம்மா" என்றார். கடைசி நாள் ஒரு சால்வை போர்த்தி, கவரில் 3,000 கொடுத்தார்கள்.

கணக்கை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ஹாஸ்டல் மாதம் 7,000, மூன்று மாதம் 21,000, காலையும் ராத்திரியும் சாப்பாடு அதில் அடக்கம். அட்வான்ஸ் 7,000 கொடுத்ததில் வெள்ளையடிக்க என்று பாதியைப் பிடித்துக்கொண்டார்கள், 3,500. சேரும்போதே "திரும்ப எவ்வளவு வரும்?" என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். மத்தியானச் சாப்பாடு ஏறக்குறைய 5,000. சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் தப்பித்தேன், அப்படியும் ஷேர் ஆட்டோ, மழை நாள் ஆட்டோ என்று 1,800. பயிற்சித்தாள் 1,140, பானையும் மற்றதும் 860, மருந்து 700, நெல்லை போய்வர ரயில் 900. மொத்தம் 34,900. சால்வைக் கவர் போக 31,900. விட்டுப்போன டியூஷன் சம்பளம் 18,000, அது தனி. தாளுக்கும் பானைக்கும் ரசீது வைத்திருந்தேன், ஆனால் வாங்கும் முன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதனால் ரசீது ரசீதாகவே என் பையில் இருக்கிறது.

போன வாரம் வேறொரு அருங்காட்சியகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஆறு மாதம், கல்விப் பிரிவு. பேச்சை முடிக்கும் முன், "உங்க கல்விப் பிரிவுல எத்தனை பேர்?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ரெண்டு பேர். ஒருத்தர் மார்ச்சுல ரிட்டயர் ஆகுறார்" என்றார் அந்த அம்மா. நல்லவர், மறைக்கவில்லை. "அவருக்குப் பதிலா யார்னு மெயில்ல சொல்றீங்களா மேடம்?" என்றேன். சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சீட்டு இன்னும் ஏழு மாதம் கட்ட வேண்டியிருக்கிறது. 31,900 என்ற எண்ணை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.